கடைசி அறைக்கு இருபத்து மூன்று பெட்டிகள்

செக்கடித் தெரு உலகநாதன் வீட்டில் கடைசி அறை விலகிப் போக ஆரம்பித்தது, மகனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில். அதைக் கண்டுபிடித்தது மனிதர் யாருமில்லை, காப்பிதான். அடுப்படியில் கொதிக்கக் கொதிக்க ஆற்றி, டம்ளரை வெறுங்கையால் பிடித்து, நடை வழியாகக் கொண்டுபோய் மனைவி சண்முகவடிவு முன்னால் அவர் வைத்தபோது அதில் ஆடை கட்டியிருந்தது. மறுநாள் இன்னும் ஆறியிருந்தது. மூன்றாம் நாள் பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. பாலில் கோளாறு என்று நினைத்துப் பால்காரரை மாற்றிப் பார்த்தார். பிறகு, மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் லைன்மேனாகக் கம்பத்துக்குக் கம்பம் தூரத்தைக் காலாலேயே அளந்து பழகியவர் என்பதால், எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தார். அடுப்படியிலிருந்து பதினான்கு எட்டில் இருந்த அறை முப்பத்தாறு எட்டில் இருந்தது. சரி, இதுதான் விஷயமா என்று திரும்பி வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

கோவில்பட்டியில் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்டவைதான், முன்னறை, கூடம், அடுப்படி, அதைத் தாண்டி ஒரு நடை, நடை முடிகிற இடத்தில் ஓர் அறை. இந்த வீட்டில் இப்போது நடை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. சுவர் எங்கும் வெடிக்கவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, சுவரோரம் போன வயர்கூட அறுபடாமல் சுவரோடு சேர்ந்து நீண்டுகொடுத்தது, அதனால் கடைசி அறையில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. பின்சந்தில் போய் நின்று பார்த்தால் வீடு பழைய நீளம்தான், பழைய இடத்தில்தான் முடிந்தது.

அந்த அறை மகன் திருமலைக்குமாருடையது. இருபத்தாறு வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அந்த அறையில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவன், ஒரு சாயங்காலம் பைபாஸ் ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய செல்போனை மட்டும் ஒரு போலீஸ்காரர் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சிம் கார்டு தட்டோடு எங்கோ தெறித்துப் போயிருந்தது, பேட்டரி உப்பியிருந்தது, ஆனால் போன் உயிரோடு இருந்தது. சண்முகவடிவு அதை வாங்கிக்கொண்டு அவன் அறைக்குள் போனவள், அவன் கட்டிலில் உட்கார்ந்தாள், சார்ஜரில் செருகினாள், அதன் பிறகு குளிக்கவும் கொல்லைக்கும் போனதைத் தவிர எழுந்திருக்கவில்லை. முன்னறையில் மகன் மாட்டிவைத்திருந்த வைஃபை அந்த அறைக்கு முக்கி முனகி எட்டும், ஒரே ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில், விஷயம் தெரியாத சிநேகிதர்களும் தெரிந்தும் மனசு கேட்காத சிநேகிதர்களும் அனுப்பியது எல்லாம் 'டிங்' என்று வந்து விழும். போன் பூட்டியிருந்தது, எப்படித் திறப்பதென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் திறக்கவும் வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டால் போதும், திரையில் வெளிச்சம் வந்து போனால் போதும்.

உலகநாதன் அழவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது, வரவில்லை, அவ்வளவுதான். சுடுகிற டம்ளர் கையில் சுடவில்லை, முகத்தை மழிக்கும்போது வெட்டியது தெரியவில்லை, யார் வந்து என்ன சொன்னாலும் 'ம்' என்றார். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அது உடம்பு முழுக்கப் பரவிக் கிடந்தது.

தெரு இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. துக்கம் விசாரித்துத் துட்டி கேட்க வந்த பெண்கள் முதல் வாரம் கடைசி வரை நடந்துபோய் வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடை வளர வளர, பாதி வழியில் மூச்சு வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுது மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினார்கள். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அடுத்த வீட்டுச் செண்பகம், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகுக்குப் பதம் பார்த்துப் பார்த்தே சர்க்கரை வியாதி வாங்கியவள், டாக்டர் தினம் நடக்கச் சொன்னதால் வெயில் படாத இந்த நடையில் காலையில் நடக்க ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நடந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்ததாகவும் ஆயிற்று, நடந்ததாகவும் ஆயிற்று. வீட்டுவரிக்காரர் வந்து டேப்பை இழுத்துக்கொண்டே போனார், டேப் தீர்ந்தது, வெளியே வந்து பின்சுவரைப் பார்த்தார், பழைய அளவையே எழுதிக்கொண்டு போய்விட்டார். செண்பகத்துக்கு இதில் ஆச்சரியமே இல்லை, கழுகுமலையில் அவள் மாமியார் வீட்டில் ஓர் அம்மிக்கல் இப்படித்தான் கிளம்பிப் போய், தலைத் திவசத்துக்கு மறுநாள் தானாக வந்து சேர்ந்ததாம்.

நாற்பத்திரண்டாம் நாள் உலகநாதன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது, சண்முகவடிவு ஒரு மாதத்துக்கும் மேலாகப் பேசாத வாயைத் திறந்தாள்.

"இங்க அது வரமாட்டேங்கு," என்றாள்.

போனைக் காட்டினாள். அந்த ஒரு கோடும் போயிருந்தது. எழுந்து இந்தப் பக்கம் வா, கூடத்தில் உட்கார்ந்தால் தாராளமாக வரும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ம் என்றார்.

இணைய இணைப்புக்காரர் ஜெபராஜை வரவழைத்தார். ஜெபராஜ் நடையை முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தூரம் ஜாஸ்தி, பூஸ்டர் பெட்டி வைக்கணும் என்றார். பெட்டிக்கு வைஃபையின் ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். அது திருமலைக்கு மட்டும்தான் தெரியும். ரூட்டரின் பின்னால் உள்ள ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினால் எல்லாம் அழிந்து புதுச் சொல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதுச் சொல்லை அந்தப் போனுக்கு யார் சொல்வது, அதுதான் பூட்டிக் கிடக்கிறதே. "ஊசிய விட்டா அந்தப் போன் அத்தோட ஊமைதான் அண்ணாச்சி. போன் ஒரு தடவ அணைஞ்சி எந்திரிச்சாலும் அதே கததான், தெறக்காம ஒண்ணும் காட்டாது," என்றார். யோசித்து, இன்னொரு வழியும் சொன்னார். ரூட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது, பெட்டியிலும் ஒன்று இருக்கிறது. இதை அமுக்கி, இரண்டு நிமிஷத்துக்குள் அதையும் அமுக்கினால், யாரும் எதுவும் சொல்லாமலே இரண்டும் பேசிக்கொள்ளும், பழைய பெயர் பழைய சொல் எல்லாவற்றையும் பெட்டி அப்படியே வாங்கிக்கொள்ளும், போனுக்கு வித்தியாசமே தெரியாது.

அன்று சாயங்காலம் உலகநாதன் கூடத்தில் நின்றுகொண்டு, லைன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, தன் போனிலிருந்து மகன் நம்பருக்கு ஒரு செய்தி அனுப்பினார். பரிசோதனைக்குத்தான். என்ன அடிப்பதென்று தெரியாமல், வழக்கமாக அடிப்பதையே அடித்தார். 'சாப்பிட்டியா?' ஒற்றை டிக் விழுந்தது. போய்ச் சேரவில்லை. மறுநாளும் பார்த்தார், ஒற்றை டிக். லைனை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுகிறவர் இல்லை என்பதால் அதற்கு மறுநாளும் பார்த்தார், அப்படியே தினம் சாயங்காலம் அதே இடத்தில் நின்று அதே வார்த்தையை அனுப்பினார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார்.

ஜெபராஜ் கொடுத்த பெட்டியை ரூட்டரோடு பேசவைத்து, நேராகக் கொண்டுபோய்க் கடைசி அறையில் மாட்டினார். அது சிவப்பாக முழித்துக்கொண்டு நின்றது. திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது, கடைசி வீட்டில் வோல்டேஜ் இல்லை என்றால் எவனாவது டிரான்ஸ்பார்மரைக் கொண்டுபோய்க் கடைசி வீட்டிலேயே வைப்பானா, கரண்ட் வந்து சேருகிற இடத்தில் அல்லவா வைக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் என்னத்தைப் படித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பெட்டியைக் கழற்றி நடையில் அறுபது எட்டுத் தள்ளி வைத்தார். பச்சை எரிந்தது. அங்கிருந்து அறுபது எட்டில் இன்னொன்று வேண்டும், அதற்கப்புறம் இன்னொன்று.

மூன்றுக்கு மேல் போனால் பெட்டிகள் சோர்ந்துவிடும், ஒவ்வொன்றும் பாதியை விழுங்கிவிட்டுத்தான் அடுத்ததுக்குக் கொடுக்கும் என்று ஜெபராஜ் தலையை ஆட்டினார். அவள் என்ன சினிமாவா பார்க்கப் போகிறாள், ஒரு டிங் போய்ச் சேர்ந்தால் போதும் என்றார் உலகநாதன். செய்தி தெருவில் பரவியது. ஆளாளுக்குப் பரண்மேல் கிடந்த பழைய பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள், காலையில் நடக்க வருகிறவர்கள் வரும்போதே கையில் ஒன்றை எடுத்துவந்து அவர் காட்டிய இடத்தில் வைத்துவிட்டு நடந்தார்கள். அவர் பெட்டிகளுக்கென்று நடை நெடுகப் புது வயர் இழுத்து, அறுபது எட்டுக்கு ஒரு பிளக் வைத்துக்கொண்டே போனார். நடையும் சும்மா இருக்கவில்லை, இவர் மூன்று பிளக் வைத்தால் அது இரண்டு பிளக் தூரம் வளர்ந்தது. கம்பத்திலிருந்து விழுந்து கெட்டுப்போன முழங்காலோடு கடைசி வரை போக அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஐம்பத்தெட்டாவது ஒற்றை டிக் விழுந்த சாயங்காலம், பெட்டிகள் மொத்தம் இருபத்து மூன்று என்று முடிவாயிற்று, நடையில் இருபத்திரண்டு, அறைக்குள் ஒன்று.

பொத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிமிஷத்துக்குள் அமுக்க வேண்டும் என்பதால் பெட்டிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நடைக்குள் போய் அவரவர் பெட்டி பக்கத்தில் நின்றார்கள். ரூட்டரிடம் ஜெபராஜ், இருபத்திரண்டாவது பெட்டியிடம், அறைக்கு மிக அருகில், செண்பகம். தினம் நடந்து நடந்து அவளுக்குத்தான் அவ்வளவு தூரம் போகும் கால் இருந்தது. புது வயரை மெயின் போர்டில் சேர்க்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. உலகநாதன் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃபியூஸை அருகில் வைத்துவிட்டுப் போகிற வழக்கம் அவரிடம் கிடையாது. கயத்தாறு லைனில் அவரோடு வேலை பார்த்த அந்தோணிராஜ் கம்பத்தின் மேலே இருக்கும்போது, கீழே எவனோ, ஆள் இறங்கியாச்சா என்று கேட்காமலே, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஃபியூஸை மாட்டினான். அன்றிலிருந்து, கரண்டை நிறுத்தினால் கேரியர் அவர் பையில்தான் இருக்கும், வேறொருவர் கையில் கொடுத்ததே இல்லை. புது லைனுக்குக் கரண்ட் விடும் முன்னால் அதன் முழு நீளமும் தானே நடந்து, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்ப்பதும் அவர் வழக்கம். வயரைச் சேர்த்துவிட்டு, பையில் ஃபியூஸோடு, இருட்டு நடையில் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். செல்போன் வெளிச்சத்தோடு நின்ற முகங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின.

இருபத்தோராவது பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசிப் பிளக்கை நெருங்கியபோது அறையிலிருந்து வடிவின் குரல் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"கரண்ட் போயி முக்கா மணி நேரமாச்சி. போன் சாகப் போவுது. மூணுதான் காட்டுது."

புது லைனையே நினைத்துக்கொண்டிருந்தவர் பழைய லைனை மறந்துவிட்டார். அறைக்குப் போகிற வயரும் அதே ஃபியூஸில்தான் இருந்தது. உப்பிப்போன பேட்டரி சார்ஜர் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது. அணைந்தால் பிறகு திறக்காமல் எதையும் காட்டாது, திறக்கிறவன் இல்லை. ஃபியூஸ் பையில் இருந்தது, போர்டு முக்கால் மணி நேர நடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. உலகநாதனுக்குப் பயமாக இருந்தது. நூறு நாளில் அவருக்கு வந்த முதல் பயம் அது.

இருபத்திரண்டாவது பிளக்கை இன்னும் பார்க்கவில்லை. செண்பகத்தைக் கூப்பிட்டு, அந்த வயரைத் தொடாமல் தள்ளி வரச் சொன்னார். பையிலிருந்து கேரியரை எடுத்தார். அதை நீட்டிய கை தானாகப் பின்வாங்கப் பார்த்தது. இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நீட்டினார்.

"ஏ செண்பகம், இத அடுத்த ஆள்கிட்ட குடு, அவன் அடுத்த ஆளுக்கு ஓடிப்போயிக் குடுக்கட்டும். கூடவே ஆள் எறங்கியாச்சின்னு சொல்லணும். அதச் சொல்லாம ஒருத்தரும் கையில வாங்கக் கூடாது."

"எறங்கிட்டியளா அண்ணாச்சி?"

அவர் சுவரை விட்டு விலகி, நடுத்தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "எறங்கிட்டேன்," என்றார்.

செண்பகம் சர்க்கரையையும் மூச்சிரைப்பையும் மறந்து இருபத்தோராவது ஆளிடம் ஓடினாள். ஆள் எறங்கியாச்சு என்றாள். அவன் வாங்கிக்கொண்டு ஓடினான், ஆள் எறங்கியாச்சு என்றான். இருட்டில் அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது, ஆண்குரலில், பெண்குரலில், இருமலோடு, சிறுத்துச் சிறுத்துப் போய்க் கேட்காமலே போயிற்று. ரெண்டு என்று வடிவு சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, ஒண்ணு என்றாள். உலகநாதன் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், செய்ய வேறு எதுவும் இல்லை. அப்புறம் அறையில் விசிறி கறகறவென்று கிளம்பியது.

"ஏறுது," என்றாள் வடிவு.

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சொல் வர ஆரம்பித்தது. ஜெபராஜ் ரூட்டர் பொத்தானை அமுக்கியிருந்தார், முதல் ஆள் அமுக்கிப் பச்சையைப் பார்த்து வந்துட்டு என்றான், அடுத்த ஆள் வந்துட்டு என்றாள், வந்துட்டு வந்துட்டு என்று நடை நெடுகப் பெருத்துக்கொண்டே வந்து, இருபத்தோராவது ஆள் வந்துட்டு என்று கத்த, மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்த செண்பகம் தன் பெட்டியை அமுக்கிவிட்டு, "மதினி, ஒங்க பொத்தான அமுக்குங்க," என்று கூவினாள். உலகநாதன் எழுந்து நொண்டிக்கொண்டு அறை வாசல் வரை போனார். வடிவு கட்டிலை விட்டு எழுந்து நின்று, சுவரில் இருந்த பெட்டியை ஒற்றை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிங் என்றது. பிறகு மூச்சு விடாமல், டிங் டிங் டிங் என்று, இரண்டு மாதம் எங்கோ காத்துக் கிடந்தது எல்லாம் அந்த நூல் மாதிரி வந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தது. அவர் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்துப் பார்த்தார். ஒற்றை டிக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இரட்டையாகிக்கொண்டு வந்தன. போய்ச் சேர்ந்துவிட்டது.

வடிவு மகனுடைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிய திரையிலும் வந்தது எழுத்தில் தெரிந்தது. சிநேகிதர்களுடையது கொஞ்சம், ஏதோ கடையின் விளம்பரம் ஒன்று, மற்றது எல்லாம் ஒரே ஆள், ஒரே வார்த்தை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்பத்தெட்டு தடவ கேட்டிருக்கிய," என்றாள்.

"லைன் இருக்கான்னு பாத்தேன்."

"தெனமும் வந்து தட்ட வச்சிட்டு, தட்ட எடுத்துட்டுப் போனிய. எங்கிட்ட ஒரு தடவ கேக்கல."

உலகநாதன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மரத்த கால் உதறும்போது ஊசி ஊசியாய்க் குத்துமே, அது நெஞ்சில் ஆரம்பித்தது. வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது. முகம் நனைவது அவருக்கே தெரிந்தது.

"சாப்பிட்டியா வடிவு?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அவள்.

செண்பகம் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. திரும்பி இருபத்தோராவது ஆளைப் பார்த்து, மதினி இன்னும் சாப்பிடலயாம் என்றாள். அவன் இருபதாவது ஆளிடம் சொன்னான். மதினி, அக்கா, சித்தி, வடிவம்மா என்று முறை மட்டும் மாறிக்கொண்டு, சாப்பிடலயாம், இன்னும் சாப்பிடலயாம் என்று அந்தச் செய்தி இருபத்திரண்டு வாய் மாறித் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகநாதன் வாசற்படியில் உட்கார்ந்தார், வடிவு வந்து படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். போன் சார்ஜரில் கிடந்து இடையிடையே டிங் என்றது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரமோ, நடையில் காலடிச் சத்தம் கேட்டது. கை மாறி, கை மாறி, ஓடி, சிந்தாமல், ஒரு தூக்குவாளியில் காப்பியும் அதன்மேல் ஒரு தட்டில் நாலு இட்லியும் ஒரு டம்ளரும் வந்து சேர்ந்தன. உலகநாதன் வாளி மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். பிடித்த விரல்களைச் சட்டென்று உதறினார், வேட்டி நுனியை வைத்துப் பிடித்து அவளிடம் நீட்டினார்.

சண்முகவடிவு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள்.

"சுடுது," என்றாள்.